‘சிஸ்டர், டிரிப்ஸ் முடிஞ்சிருச்சு!’ - வடசென்னை வார்டுகளில் ஒரு செவிலியரின் ஷிஃப்ட் எப்படி நகர்கிறது?

2023 டிசம்பர் 26. மிக்ஜாம் புயல் வெள்ளமும், எண்ணூர் கழிமுகத்தில் படர்ந்த எண்ணெய்க் கசிவும் தந்த அலுப்பிலிருந்து வடசென்னை இன்னும் மீளவில்லை. நள்ளிரவை ஒட்டி பெரியகுப்பம் பகுதியில் திடீரென மூக்கைத் துளைக்கும் நெடி. கோரமண்டல் இன்டர்நேஷனல் ஆலைக்கு கடலுக்கடியில் அம்மோனியா கொண்டுவரும் குழாயில் கசிவு. கண் எரிச்சல், மூச்சுத் திணறல், வாந்தி. குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு மக்கள் தெருவுக்கு ஓடி வந்தார்கள். ஆட்டோ, பைக், 108 ஆம்புலன்ஸ் என்று கிடைத்ததில் ஏறி மருத்துவமனைக்குப் போனார்கள்.

அடுத்த சில நாட்கள் ஆலை, குழாய், பசுமைத் தீர்ப்பாயம், மக்கள் போராட்டம் என எல்லாமே செய்தியானது. அந்த நடுராத்திரியில் மருத்துவமனைக் கதவைத் திறந்து, ‘யாருக்கு ரொம்ப மூச்சு வாங்குது? அவங்களை முதல்ல உள்ளே கொண்டு வாங்க’ என்று பிரித்து அனுப்பும் ஆளைப் பற்றி யாரும் பெரிதாகப் பேசவில்லை.

அம்மோனியா ஈரத்தில் கரைகிற வாயு. கண், மூக்கு, தொண்டை, நுரையீரல் என்று ஈரமுள்ள இடமாகப் பார்த்து அது காரக் கரைசலாக மாறிச் சுடும். அதனால் இதில் முதலுதவி என்பது மாத்திரையோ ஊசியோ இல்லை. கண்ணை நிறைய தண்ணீரால் கழுவ வேண்டும், நெடி ஏறிய துணிகளைக் கழற்ற வேண்டும், ஆக்ஸிஜன் அளவு பார்க்க வேண்டும், தேவைப்பட்டால் நெபுலைசர் வைக்க வேண்டும். இதையெல்லாம் முதல் பத்து நிமிடத்தில் செய்வது பெரும்பாலும் செவிலியர்தான். துணி மாற்றாமலே நோயாளியை உள்ளே கொண்டுவந்தால் அந்த நெடி செவிலியரின் கண்ணையும் சேர்த்து எரிக்கும் என்பது பாடப்புத்தகத்தில் ஒரு வரி. எண்ணூர், மணலி, திருவொற்றியூர் பக்கத்தில் வேலை பார்ப்பவர்களுக்கு அது ஒரு வரியோடு முடிகிற விஷயம் இல்லை. 2024 அக்டோபரில் திருவொற்றியூரில் ஒரு தனியார் பள்ளி மாணவிகள் வாயு நெடியால் மயங்கி விழுந்து மருத்துவமனைக்குக் கொண்டுபோகப்பட்டார்கள். சில நாள் கழித்துப் பள்ளி மீண்டும் திறந்தபோது இன்னொரு முறை அதே கதை.

சுத்திகரிப்பு ஆலை, உரத் தொழிற்சாலை, அனல்மின் நிலையம், இரண்டு துறைமுகங்கள், மீன்பிடித் துறைமுகம், நாள் முழுக்க வரிசைகட்டி நிற்கும் கன்டெய்னர் லாரிகள். இந்தப் பகுதியின் வேலை அதன் மருத்துவமனை வாசலில் காயமாக வந்து சேரும். தீக்காயம், இயந்திரத்தில் சிக்கிய விரல், லாரியில் அடிபட்ட பைக், படகில் வழுக்கி விழுந்த இடுப்பு. அவர்களை வார்டில் பார்த்துக்கொள்பவர்களின் வேலையிடம் எப்படி இருக்கிறது என்பதைத்தான் இங்கே பார்க்கப் போகிறோம்.

கஞ்சித்தொட்டியும் ராயபுரம் ஆஸ்பத்திரியும்

வடசென்னைக்காரர்களுக்கு ஸ்டான்லி மருத்துவமனை இன்றைக்கும் ‘கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரி’. பஞ்ச காலத்தில் கஞ்சி ஊற்றிய மணியக்காரர் சத்திரத்தில் இருந்து வளர்ந்தது என்பதால் வந்த பெயர். 1938இல் அது மருத்துவக் கல்லூரியானது. ராயபுரத்தில் இருக்கும் ஆர்.எஸ்.ஆர்.எம். மகப்பேறு மருத்துவமனை, ராஜா சர் ராமசாமி முதலியாரின் கொடையில் 19ஆம் நூற்றாண்டில் எழுந்தது. வடசென்னையில் ‘எங்க அம்மா என்னை ராயபுரத்துலதான் பெத்தாங்க’ என்று சொல்லாத குடும்பம் குறைவு.

இன்னொரு தகவல் பலருக்குத் தெரியாது. இந்தியாவின் முதல் செவிலியர் பயிற்சிப் பள்ளிகளில் ஒன்று 1871இல் சென்னை அரசுப் பொது மருத்துவமனையில்தான் தொடங்கியது. மகப்பேறு பார்க்க ஆறு மாதப் பயிற்சி, அவ்வளவுதான். 150 ஆண்டுகள் கழித்து அதே ஊரில் நான்காண்டு பட்டப்படிப்பு முடித்தவர்கள் ‘எங்கள் வேலை நிரந்தரமா, இல்லையா?’ என்று ரோட்டில் உட்கார வேண்டி வந்தது. அதற்குப் பிறகு வருவோம். முதலில் கணக்கு.

ஒரு செவிலியர் எத்தனை பேரைப் பார்க்க வேண்டும்?

இந்திய நர்சிங் கவுன்சில், கற்பித்தல் மருத்துவமனைகளின் பொது வார்டுக்கு மூன்று படுக்கைக்கு ஒரு செவிலியர் என்ற அளவை வைத்திருக்கிறது. இதைக் கேட்டதும் ‘மூணு பேரைப் பார்க்க ஒரு நர்ஸா? நல்லாத்தானே இருக்கு’ என்று தோன்றும். இங்கேதான் பலரும் தப்பாகப் புரிந்துகொள்கிறார்கள். அந்த ஒருவர் 24 மணி நேரமும் நிற்க முடியாது. மூன்று ஷிஃப்டுக்குப் பிரித்தால் ஒரு ஷிஃப்டில் ஒன்பது படுக்கைக்கு ஒருவர். அதோடு விடுப்பு, வார ஓய்வு எடுப்பவர்களுக்கு மாற்றாக 30 சதவீதம் கூடுதலாக வைக்க வேண்டும். தீவிர சிகிச்சைப் பிரிவில் ஒரு படுக்கைக்கு ஒருவர் வேண்டும்.

36 படுக்கை வார்டு ஒன்றை எடுத்துக்கொள்வோம். விதிப்படி 12 பேர், மாற்று ஆட்களோடு 16 பேர். எந்த நேரம் போய்ப் பார்த்தாலும் நான்கு செவிலியர் வார்டில் இருக்க வேண்டும். அரசு மருத்துவமனையில் ராத்திரி ஒரு நோயாளிக்குத் துணையாகப் படுத்திருந்தவர் யாரும் இந்த நான்கு என்ற எண்ணை நம்ப மாட்டார்.

இன்னொரு சிக்கலும் உண்டு. விதி படுக்கையை எண்ணுகிறது. டெங்கு சீசனிலும் விபத்து வார்டிலும் நோயாளிகள் படுக்கைக்குள் அடங்குவதில்லை. இரண்டு கட்டிலுக்கு நடுவே பாய் விரித்துப் படுத்திருப்பவருக்கும் டிரிப்ஸ் ஏறிக்கொண்டுதான் இருக்கும். மகப்பேறு வார்டில் இந்தக் கணக்கு மொத்தமாக உடையும். கட்டிலில் தாய், பக்கத்தில் குழந்தை. படுக்கை ஒன்று, பார்க்க வேண்டிய உயிர் இரண்டு.

இது வடசென்னையின் பிரச்சினை மட்டுமல்ல. உலக சுகாதார நிறுவனம் 2025இல் வெளியிட்ட அறிக்கை, உலகில் 2.98 கோடி செவிலியர்கள் இருப்பதாகவும், இன்னும் 58 லட்சம் பேர் தேவை என்றும் சொன்னது. அந்தப் பற்றாக்குறையைப் பணக்கார நாடுகள் எப்படிச் சமாளிக்கின்றன? இங்கிருந்து ஆள் எடுத்துத்தான். தமிழ்நாடு அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனமே செவிலியர்களுக்கு ஜெர்மன் மொழி சொல்லிக்கொடுத்து அனுப்புகிறது. போகிறவர்களைக் குறை சொல்ல முடியாது. ஏன் என்று அடுத்த பகுதியைப் படித்தால் புரியும்.

7,700 ரூபாயில் தொடங்கிய கதை

தமிழ்நாட்டில் அரசு மருத்துவமனைகளுக்கு ஆள் எடுக்க மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம் 2012இல் அமைக்கப்பட்டது. சுருக்கமாக எம்.ஆர்.பி. 2015இல் அது நடத்திய போட்டித் தேர்வு வழியாக 7 ஆயிரத்துக்கும் மேற்பட்ட செவிலியர்கள் வேலைக்கு எடுக்கப்பட்டார்கள். தேர்வு எழுதி, இட ஒதுக்கீட்டு முறைப்படி தேர்வான பணி. ஆனால் ஊதியம் மாதம் 7,700 ரூபாய் தொகுப்பூதியம். இரண்டு ஆண்டு முடித்தால் காலமுறை ஊதியத்துக்கு மாற்றப்படுவோம் என்ற எதிர்பார்ப்பில் சேர்ந்தார்கள்.

இரண்டு ஆண்டு முடிந்தது. 2017 நவம்பர் இறுதியில் தேனாம்பேட்டை டி.எம்.எஸ். வளாகத்தில் ஆயிரக்கணக்கான செவிலியர்கள் கூடி உட்கார்ந்தார்கள். வேலைநிறுத்தத்துக்கு எதிராக உயர் நீதிமன்றம் தலையிட, போராட்டம் முடிவுக்கு வந்தது. கோரிக்கை முடியவில்லை. தொகுப்பூதியம் 14,000 ஆனது. பிறகு 18,000 ஆனது. ஒரு பகுதியினர் காலிப் பணியிடங்களைப் பொறுத்துப் படிப்படியாக நிரந்தரமானார்கள். மீதிப் பேர் காத்திருந்தார்கள்.

நடைமுறையில் இதன் அர்த்தம் என்ன? ஒரே வார்டு, ஒரே சீருடை, ஒரே டூட்டி லிஸ்ட். ஒருவர் வாங்குவதில் பாதிகூட மற்றவருக்கு இல்லை. நோயாளிக்கு இது தெரியாது. ‘கவர்ன்மென்ட் வேலை, கை நிறைய சம்பளம்’ என்றுதான் வார்டில் எரிச்சல்படுகிற அட்டெண்டர்கூட சொல்லிவிட்டுப் போவார்.

கொரோனா காலத்தில் இன்னொரு பிரிவு சேர்ந்தது. 2020 கோடையில் சென்னை மாநகராட்சியின் ராயபுரம் மண்டலம்தான் தொற்று எண்ணிக்கையில் முதலிடத்தில் நின்றது. ஸ்டான்லி கொரோனா மருத்துவமனையாக மாறியது. காத்திருப்புப் பட்டியலில் இருந்தவர்கள் ஒப்பந்த அடிப்படையில் அவசரமாக அழைக்கப்பட்டார்கள். பாதுகாப்பு உடைக்குள் வியர்வையில் நனைந்து, தண்ணீர்கூடக் குடிக்காமல் நின்ற ஷிஃப்டுகள் அவை. மாடியில் நின்று கை தட்டினோம், தட்டு தட்டினோம். 2022 டிசம்பர் 31ஆம் தேதியோடு அவர்களில் 2,300க்கும் மேற்பட்டவர்களின் ஒப்பந்தம் நீட்டிக்கப்படாது என்று உத்தரவு வந்தது. புத்தாண்டு நாளில் அவர்கள் போராட்டக் களத்தில் இருந்தார்கள். பிறகு மாற்றுப் பணி தருவதாக அரசு சொன்னது, அதுவும் ஒப்பந்தம்தான்.

மகப்பேறு விடுப்பு விஷயம் இன்னும் கசப்பானது. அரசின் நிரந்தரப் பெண் ஊழியர்களுக்கு 2021இல் இருந்து 12 மாத விடுப்பு. ஒப்பந்தச் செவிலியருக்கோ அது ‘ஒப்பந்தத்தில் இல்லை’. ஊருக்கெல்லாம் பிரசவம் பார்ப்பவர் தன் பிரசவத்துக்குச் சம்பளத்தை விட வேண்டியிருந்தது. எம்.ஆர்.பி. செவிலியர் சங்கம் வழக்குக்குப் போனது. மகப்பேறு பலன் சட்டம் 1961 ஒப்பந்த நிபந்தனைகளைவிட மேலானது, ஒப்பந்தத்தைக் காட்டி அந்த உரிமையை மறுக்க முடியாது என்பதுதான் சென்னை உயர் நீதிமன்றம் எடுத்த நிலை. சம வேலைக்குச் சம ஊதியம் கேட்ட விவகாரம் 2025இல் உச்ச நீதிமன்றம் வரை போனது. அந்த ஆண்டு டிசம்பரிலும் செவிலியர்கள் சென்னையில் மறுபடி போராட்டத்தில்தான் இருந்தார்கள்.

தனியாரில்? 2016 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் சொன்னதன் பேரில் மத்திய அரசு ஒரு குழு அமைத்தது. 200 படுக்கைக்கு மேல் இருந்தால் அரசுச் செவிலியருக்கு இணையான சம்பளம், 100க்கு மேல் இருந்தால் அதில் 10 சதவீதத்துக்கு மேல் குறையக் கூடாது, 50 முதல் 100 வரை என்றால் 25 சதவீதத்துக்கு மேல் குறையக் கூடாது, 50க்கும் கீழே உள்ள சின்ன மருத்துவமனையிலும் மாதம் 20 ஆயிரத்துக்குக் குறையக் கூடாது. பரிந்துரை இதுதான். கேரளத்தில் செவிலியர்கள் 2017இல் பெரிய அளவில் போராடி, 2018இல் குறைந்தபட்ச ஊதிய அறிவிக்கை வாங்கினார்கள். இங்கே தெருமுனை நர்சிங் ஹோம்களில் வேலை பார்க்கும் ஒருவரிடம் சம்பளம் எவ்வளவு என்று கேட்டுப் பாருங்கள், அந்தப் பரிந்துரை எந்த அலமாரியில் இருக்கிறது என்பது தெரிந்துவிடும்.

அடி முதலில் யார் மேல் விழுகிறது?

2024 நவம்பரில் கிண்டி கலைஞர் நூற்றாண்டு உயர் சிறப்பு மருத்துவமனையில் புற்றுநோய் மருத்துவர் ஒருவர் நோயாளியின் மகனால் கத்தியால் குத்தப்பட்டார். அதற்கு மூன்று மாதம் முன்புதான் கொல்கத்தா ஆர்.ஜி.கர் மருத்துவமனையில் பயிற்சி மருத்துவர் கொல்லப்பட்டு நாடே கொதித்தது. இரண்டுக்கும் பிறகு போலீஸ் அவுட்போஸ்ட், சிசிடிவி, உடனிருப்பவர்களுக்கு அடையாளப் பட்டை என்று நடவடிக்கைகள் பேசப்பட்டன.

செவிலியர்கள் மீதான வன்முறை இப்படிப் பெரிய செய்தியாவது அரிது. அது சின்னச் சின்னதாக, தினமும் நடப்பது. ‘எவ்ளோ நேரமா கூப்பிடறேன், காது கேக்கலயா?’ என்பதில் தொடங்கும். டாக்டர் ரவுண்ட்ஸ் முடித்துப் போய்விடுவார். ஸ்கேனுக்கு வரிசை, ரத்தம் கிடைக்கவில்லை, மருந்து வெளியே வாங்கி வரச் சொல்கிறார்கள். இது எதுவும் செவிலியரின் முடிவு இல்லை. ஆனால் வார்டில் எப்போதும் கண்ணெதிரே இருக்கிற ஒரே ஆள் அவர்தான். கோபம் அங்கேதான் இறங்கும். குடித்துவிட்டு அடிபட்டு வருபவரும், அவரோடு வரும் பத்துப் பேரும் நடுராத்திரி கேஷுவாலிட்டியில் செய்யும் களேபரம் தனி.

தமிழ்நாட்டில் இதற்கென்றே 2008இல் இருந்து ஒரு சட்டம் இருக்கிறது. மருத்துவர், செவிலியர், மருத்துவ மாணவர், துணை மருத்துவப் பணியாளர் என எல்லோரும் அதில் அடக்கம். தாக்கினால் ஜாமீனில் வர முடியாத குற்றம். மூன்று ஆண்டு முதல் பத்து ஆண்டு வரை சிறை. சொத்தை உடைத்தால் இழப்பீடும் கட்ட வேண்டும். சட்டம் கடுமையானதுதான். ஆனால் புகார் கொடுப்பது யார்? தனியாகப் போய் ஸ்டேஷனில் நிற்கச் சொன்னால் ஒப்பந்தச் செவிலியர் எத்தனை பேர் போவார்கள்? மருத்துவமனை நிர்வாகமே புகார்தாரராக நின்றால்தான் இந்தச் சட்டத்துக்குப் பல் இருக்கும்.

சக ஊழியர், மேலதிகாரி தரும் தொல்லை இன்னொரு வகை. 1973 நவம்பர் 27 அன்று மும்பை கே.இ.எம். மருத்துவமனையில் அருணா ஷான்பாக் என்ற செவிலியர், அதே மருத்துவமனையில் வேலை பார்த்த ஒருவரால் பாலியல் வன்முறைக்கு ஆளாக்கப்பட்டார். மூளை பாதிக்கப்பட்டு 42 ஆண்டுகள் அதே மருத்துவமனைக் கட்டிலில் கிடந்து 2015 மே 18 அன்று இறந்தார். அத்தனை வருடமும் அவரைப் பார்த்துக்கொண்டது அங்கிருந்த செவிலியர்கள்தான், தலைமுறை மாறி மாறி. கருணைக்கொலை வழக்காக அவரை நினைவில் வைத்திருக்கிறோம். வேலையிடத்தில், டூட்டி முடித்து உடை மாற்றும் இடத்தில் நடந்த குற்றம் அது என்பது பின்னுக்குப் போய்விட்டது.

இன்றைக்குச் சட்டம் இருக்கிறது. பத்துப் பேருக்கு மேல் வேலை பார்க்கும் எந்த மருத்துவமனையிலும் உள்புகார்க் குழு இருக்க வேண்டும். சம்பவம் நடந்த மூன்று மாதத்துக்குள் எழுத்தில் புகார் கொடுக்கலாம், 90 நாளில் விசாரணை முடிய வேண்டும். ஒப்பந்த ஊழியரும் பயிற்சி மாணவியும் இதில் வருவார்கள். நோயாளியோ உடன் வந்தவரோ தொல்லை கொடுத்தாலும் இந்தக் குழுவிடம் போகலாம் என்பது பல செவிலியர்களுக்கே தெரியாத விஷயம். குழு உறுப்பினர்களின் பெயர்ப் பலகை உங்கள் மருத்துவமனையில் எங்கே மாட்டியிருக்கிறது என்று ஒரு தடவை தேடிப் பாருங்கள்.

ஊசி குத்திவிட்டால்?

இது வார்டில் சத்தமில்லாமல் நடக்கும் விபத்து. பயன்படுத்திய ஊசிக்கு மூடி போடும்போது விரலில் குத்திவிடும். பலர் தண்ணீரில் கழுவிவிட்டு அடுத்த நோயாளியிடம் போய்விடுகிறார்கள். சொன்னால் திட்டு விழும், ‘உன் கவனக்குறைவு’ என்பார்கள் என்ற பயம்.

பாதிக்கப்பட்ட ரத்தம் பட்ட ஊசி குத்தினால் எச்.ஐ.வி. வர வாய்ப்பு சுமார் 0.3 சதவீதம். ஹெபடைடிஸ் பி-க்கு, தடுப்பூசி போடாதவர் என்றால் 6 முதல் 30 சதவீதம் வரை. ஆக, எல்லோரும் பயப்படுவது எச்.ஐ.வி.க்கு, நிஜத்தில் அதிகம் பயப்பட வேண்டியது ஹெபடைடிஸ் பி-க்கு. அதற்கு மூன்று தவணைத் தடுப்பூசி இருக்கிறது. படிப்பில் சேரும்போதே போட்டு முடித்திருக்க வேண்டியது.

குத்திவிட்டால் சோப்புத் தண்ணீரில் கழுவ வேண்டும். அழுத்திப் பிதுக்கக் கூடாது. வாயில் வைத்து உறிஞ்சவே கூடாது. எச்.ஐ.வி. தடுப்பு மருந்து தேவைப்பட்டால் இரண்டு மணி நேரத்துக்குள் தொடங்குவது நல்லது, 72 மணி நேரத்துக்குப் பிறகு பெரிய பயன் இல்லை. 28 நாள் சாப்பிட வேண்டும். அதனால் ‘ஷிஃப்ட் முடிச்சுட்டுச் சொல்லிக்கலாம்’ என்பது இந்த ஒரு விஷயத்தில் செல்லாது. ஊசிக்கு மறுபடி மூடி போடக் கூடாது, கட்டரில் நறுக்கி, ஊசி துளைக்காத வெள்ளைப் பெட்டியில்தான் போட வேண்டும் என்று 2016 மருத்துவக் கழிவு விதிகள் சொல்கின்றன. பெட்டி வார்டின் ஒரு மூலையிலும் நோயாளி இன்னொரு மூலையிலும் இருந்தால், விதி தெரிந்தவர்கூட மூடி போட்டுத்தான் எடுத்துப் போவார்.

சரி, செவிலியர் பக்கம் தவறே இல்லையா?

இருக்கிறது. 2021 ஜூனில் தஞ்சாவூர் அரசு மருத்துவமனையில், பிறந்து 14 நாளே ஆன குழந்தையின் கையில் இருந்த டிரிப்ஸ் கட்டைப் பிரிக்கும்போது கத்தரிக்கோல் பட்டுக் கட்டைவிரல் துண்டானது. செய்தி வந்ததும் சமூக வலைதளத்தில் அந்தச் செவிலியரைக் கிழித்துத் தொங்கவிட்டார்கள். விசாரணைக்கு உத்தரவிடப்பட்டது. ஆனால் சிசுவின் கையில் ஒட்டிய பிளாஸ்டரை நனைத்து மெல்லப் பிரிக்க வேண்டும், கத்தரி வைக்கவே கூடாது என்பது ஒருவருக்கு மட்டும் தெரிந்தால் போதாது. அந்த வார்டில் கத்தரி எடுப்பதே வழக்கமாக இருந்ததா, அப்போது அவர் எத்தனை குழந்தைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார் என்ற கேள்விகளை யாரும் கேட்கவில்லை.

மருந்துப் பிழைகளில் பெரும்பாலானவை இப்படிச் செய்தியாவதே இல்லை. இன்சுலினை எடுத்துக்கொள்ளுங்கள். நம் ஊரில் ஒரு மில்லியில் 40 யூனிட் உள்ள குப்பியும் உண்டு, 100 யூனிட் உள்ளதும் உண்டு. இரண்டுக்கும் தனித்தனி சிரிஞ்ச். 100 யூனிட் மருந்தை 40 யூனிட் சிரிஞ்சில் பத்துக் கோடு வரை இழுத்தால், உள்ளே போவது பத்து யூனிட் இல்லை, 25. இரண்டரை மடங்கு. ராத்திரி மூன்று மணிக்கு, அரை வெளிச்சத்தில், பக்கத்துக் கட்டிலில் ஒருவர் மூச்சுக்குத் திணறும்போது இந்தத் தப்பு நடக்க எவ்வளவு நேரம் ஆகும்?

அதனால்தான் சரியான நோயாளி, சரியான மருந்து, சரியான அளவு, சரியான வழி, சரியான நேரம் என்ற ஐந்தையும் மனப்பாடமாகச் சொல்லித்தருகிறார்கள். இன்சுலின், பொட்டாசியம், ஹெப்பாரின் போன்ற ஆபத்தான மருந்துகளை இரண்டு பேர் பார்த்துச் சரிசொல்ல வேண்டும். வார்டில் இருப்பதே ஒருவர் என்றால் அந்த இரண்டாவது ஆள் யார் என்ற கேள்விக்கு மேலே சொன்ன கணக்கில்தான் பதில் தேட வேண்டும். டாக்டர் போனில் சொல்லும் மருந்தை எழுதி, திரும்பப் படித்துக் காட்டி, அவர் வந்ததும் கையெழுத்து வாங்க வேண்டும். ஜூனியர் ஒருவர் ‘டாக்டர், அந்த டோஸ் கரெக்டா?’ என்று கேட்டால் அது எதிர்த்துப் பேசுவது ஆகாது. அது அவர் வேலை. இதை நம் மருத்துவமனைகள் இன்னும் முழுசாக ஏற்கவில்லை.

தப்பு நடந்துவிட்டால் உடனே சொல்லிவிடுவதுதான் தொழில் ஒழுக்கத்தின் கடினமான பகுதி. சார்ட்டில் திருத்தி எழுதி, வெள்ளை பூசி மறைத்தால் பிழை அங்கேயே குற்றமாக மாறுகிறது. சொல்பவருக்கு மெமோ, மறைப்பவருக்கு ஒன்றுமில்லை என்ற நிலை இருக்கும் வார்டில் என்ன நடக்கும் என்பதை ஊகிக்கப் பெரிய படிப்பு தேவையில்லை.

பிரசவ அறையில் பேசும் விதம் இன்னொரு பெரிய புகார். வலியில் கத்தும் பெண்ணிடம் ‘அப்போ மட்டும்…’ என்று தொடங்கும் அந்த வாக்கியத்தைத் தமிழ்நாட்டில் கேட்காத தாய் குறைவு. பணிச்சுமை எவ்வளவு இருந்தாலும் அதற்கு நியாயம் கிடையாது. பிரசவ நேரத்தில் துணைக்கு ஒரு பெண் உடனிருக்கலாம் என்ற திட்டத்தை அரசு மருத்துவமனைகளில் முன்னோடியாகக் கொண்டுவந்த மாநிலம் தமிழ்நாடு. தாய்க்குத் தைரியம் தருவது அதன் நோக்கம். கூட ஒரு ஆள் நின்றால் பேச்சும் தானாக மாறுகிறது என்பது கூடுதல் பலன்.

பிறகு ரீல்ஸ். 2019இல் ஒடிசாவின் மல்கான்கிரி மருத்துவமனையில் பச்சிளம் குழந்தைகள் வார்டில் டிக்டாக் வீடியோ எடுத்த செவிலியர்கள் மீது நடவடிக்கை பாய்ந்தது. 2024இல் கர்நாடகத்தின் கதக்கில் ரீல்ஸ் எடுத்த 38 பயிற்சி மருத்துவர்கள் மீது நடவடிக்கை எடுக்கப்பட்டது. ஆடியது பிரச்சினை இல்லை. பின்னால் கட்டிலில் தெரிந்த முகம்தான் பிரச்சினை. வாட்ஸ்அப் குழுவில் ‘இன்னிக்கு ஒரு கேஸ் வந்துச்சு பாரு’ என்று போடும் போட்டோவுக்கும் இதே அளவுகோல்தான். எச்.ஐ.வி. உள்ளவரின் நிலையை அவர் சம்மதமில்லாமல் வெளியே சொல்வதை 2017ஆம் ஆண்டுச் சட்டமே தடை செய்கிறது. கட்டில் தலைமாட்டில் சிவப்பு மையில் எழுதி வைக்கும் பழைய பழக்கத்தையும் சேர்த்துத்தான்.

செவிலியர் மீது புகார் என்றால் எங்கே போவது? பதிவு கொடுத்தது தமிழ்நாடு செவிலியர் மற்றும் தாதியர் கவுன்சில். 1926ஆம் ஆண்டுச் சட்டத்தில் பிறந்த அமைப்பு. பதிவை ரத்து செய்யும் அதிகாரமும் அதற்கு உண்டு. 2023இல் நாடாளுமன்றம் தேசிய செவிலியர், மகப்பேறு உதவியாளர் ஆணையச் சட்டத்தை நிறைவேற்றி, 1947ஆம் ஆண்டு நர்சிங் கவுன்சில் சட்டத்தை மாற்ற வழி செய்தது. நேரலையில் பதிவேடு, தொழில் ஒழுக்க விதிகள் எல்லாம் அதன் கீழ் வர வேண்டியவை. ஒரு செவிலியர் எத்தனை நோயாளியைப் பார்க்கலாம் என்ற உச்சவரம்பைச் சட்டமாக்கி, மீறினால் மருத்துவமனைக்குத் தண்டனை என்று எழுதும் துணிச்சல் அதில் இல்லை. ஒழுக்கம் ஆளுக்கு, ஆள்பற்றாக்குறை நிர்வாகத்துக்கு என்று பிரித்து வைத்தால் முதலாவதை மட்டுமே விசாரித்துக்கொண்டிருக்க வேண்டியதுதான்.

வார்டுக்குப் போகும்போது

நோயாளியோடு போகிறவர்கள் செய்யக்கூடியது ஒன்றிரண்டு உண்டு. ஏற்கெனவே சாப்பிடும் மாத்திரைகளின் அட்டையைக் கையோடு எடுத்துப் போங்கள். ‘ஏதோ வெள்ளை மாத்திரை’ என்று சொல்வது யாருக்கும் உதவாது. ஒவ்வாமை இருந்தால் கேட்கும் முன்பே சொல்லுங்கள். ஊசி போடும் முன் பெயரைக் கேட்டால், ‘காலையிலதானே சொன்னேன்’ என்று சலித்துக்கொள்ளாதீர்கள். அவர் தப்பு நடக்காமல் பார்த்துக்கொள்கிறார். என்ன மருந்து என்று நீங்களும் கேட்கலாம், அது உங்கள் உரிமை. கையுறை மாற்றவில்லை என்றால் சொல்லலாம். தொனி மட்டும் மாறாமல் இருந்தால் போதும்.

காலை டூட்டி மாறும் நேரம்தான் வார்டில் பரபரப்பு அதிகம். பன்னிரண்டு மணி நேரம் நின்றவர் கட்டில் கட்டிலாகப் போய் ஒப்படைக்கிறார். இவருக்கு ராத்திரி ரெண்டு தடவை காய்ச்சல், இவருக்கு எட்டு மணிக்கு ஆன்டிபயாடிக், அந்த மூலையில் இருப்பவருக்கு யூரின் போகவில்லை, டாக்டரிடம் சொல்லியாச்சு. எமர்ஜென்சி டிரேயை எண்ணிக் கையெழுத்துப் போடுகிறார். பிறகு பையை எடுத்துக்கொண்டு வண்ணாரப்பேட்டை மெட்ரோவுக்கு நடக்கிறார். விம்கோ நகர் வரை உட்கார இடம் கிடைத்தால் ஒரு குட்டித் தூக்கம். வார்டில் புதிதாக வந்தவர் ஸ்டெதாஸ்கோப்பை எடுப்பதற்குள் ஆறாவது கட்டிலில் இருந்து குரல் வருகிறது: ‘சிஸ்டர், டிரிப்ஸ் முடிஞ்சிருச்சு!’